நகராத சுழி

கோப்பியில் சீனி கொஞ்சம் கூடிவிட்டது, இன்ஸ்பெக்டர் ஐயா. குறையாகச் சொல்லவில்லை. குறை நல்லது என்று எனக்குப் படிப்பித்தவனே என் தம்பி நல்லையாதான்.

மெர்டேக்கா சுதந்திரத்துக்குப் பிறகு எங்கள் ஊர் காஜா பெராங்கிலிருந்து உபகாரச் சம்பளத்தில் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய பெரிய மூளை அவன். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தோடு நின்று, ஊராருக்கு மனு எழுதிக் கொடுக்கும் சின்ன மூளை.

விடுமுறையில் வந்தவன் சோற்றை ஆறவிட்டு விளக்கினான். ஈயத்தை விளக்குக் கரிபோல மெல்லிய படலமாகப் பூசி, உறையும் குளிருக்கும் கீழே குளிரவைத்தால் மின்சாரம் தடையில்லாமல் ஓடுமாம். காந்தத்தைக் காட்டினால் காந்தசக்தி சின்னச் சின்னச் சுழிகளாக உள்ளே புகுமாம். சுழி நின்ற இடத்தில் நின்றால் நல்லது. மின்சாரம் தள்ளி அது நகர்ந்தால் சூடு, தடை, எல்லாம் போச்சு.

"அப்ப எப்படிப் பிடிச்சு வைப்பே?"

"படலத்துல ஒரு கீறலோ அழுக்கோ இருக்கணும் அண்ணே. சுழி அதுல மாட்டிக்கும். சுத்தமா இருந்தா வழுக்கிட்டு ஓடிரும்."

"தலைச்சுழியாடா?"

"உங்ககிட்டப் போய்ச் சொன்னேன் பாருங்க."

சிரித்தான். சிரித்த வாயோடு இன்னொன்றும் சொன்னான்: இந்த முறை போனால் அங்கேயே வேலை, திரும்பமாட்டானாம். அவன் தலையில் இரட்டைச் சுழி, ஓரிடத்தில் தங்கமாட்டான் என்று அம்மா அன்றே சொன்னாள். அவளும் போன வீட்டில் நாங்கள் இருவர்தான். படித்தவன் சொன்னதைச் செய்து பார்ப்பதுதானே விஞ்ஞானத்துக்கு மரியாதை?

கப்பலுக்கு முந்திய வாரம் அவனுக்குக் கண்வலி. சொட்டு மருந்து விடுவது என் வேலை. அதில் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்தேன்.

"எரியுதண்ணே."

"மருந்துன்னா எரியும்டா. அசையாம படு."

படித்த பிள்ளை, சொன்னபடி கேட்டான். இரண்டாவது கண்ணை அவனே விரித்துக் காட்டினான்.

கப்பல் போனது, அவன் போகவில்லை. நானே ஊட்டினேன், நானே குளிப்பாட்டினேன். "நீங்க இல்லாட்டி என் கதி என்னண்ணே" என்று அழுதான். சீமையில்கூட இவ்வளவு சுத்தமாகப் பரிசோதனை நடந்திருக்காது.

போன வாரம் கட்டு மாற்ற வந்த நர்ஸ் சந்திரமதி, கண்ணைப் பார்த்துவிட்டு, "இது நோயில்ல, சுண்ணாம்புல வெந்த கண்ணு" என்று அவனிடம் சொல்லியிருக்கிறாள். மறுநாளே சுவரைத் தடவித் தடவித் தெருவில் இறங்கி, யாரோ கைகொடுக்க பஸ் ஏறி, உஜோங் பாசிரில் அவள் வீட்டுக்குப் போய்விட்டான். உங்களுக்குப் புகார் வந்ததும் அங்கிருந்துதான்.

நான் எதையும் மறுக்கவில்லை. ஆனால் கண் தெரியாதவனைத் தனியே நடக்கவிடுவது பாவமில்லையா, ஐயா? வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். இந்த முறை கால்களையும் நானே பார்த்துக்கொள்கிறேன்.