சிஸ்டம் ஏறும் நேரம்

புந்தோங் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு இளைஞர்கள். ஒருவன் மடியில் ஆபிஸ் மேசையைக் காலி செய்த பெட்டி. அதில் ஒரு மக், ஒரு குட்டிப் பிள்ளையார். நான் ஒட்டுக்கேட்கவில்லை, பஸ்ஸில் இடம் அவ்வளவுதான்.

“சிஸ்டம் மெதுவாவே ஏறிக்கிட்டு இருந்திருந்தா என் வேலை போயிருக்காது மச்சான்,” என்றான் பெட்டிக்காரன்.

“ஒரு வரி கோடு மாத்துனாக்கூட மொத்த வெப்சைட்டையும் சிஸ்டம் முதல்லேருந்து கம்பைல் பண்ணி ஏத்தணும். கடையில தே தாரிக் குடிச்சிட்டு வந்தாலும் ஏறாது. அதான் சரி பண்ணேன்லா,” என்றான் மற்றவன்.

“தொட்ட பகுதிய மட்டும் கம்பைல் பண்ணலாம்னு எனக்கு முன்னமே தெரியும்.”

“பின்ன ஏன் வாயத் தொறக்கல?”

“அது ஏறுற நேரத்துலதான் அம்மாவுக்குப் போன் அடிப்பேன். சுங்கை சிப்புட் ஊர்ல தனியா இருக்கு. ஏறுனதும் வச்சிருவேன்.”

மற்றவன் சொன்னான்: “பாஸ்கிட்ட பெருமையாத்தான் சொன்னேன், இப்ப சட்டுனு ஏறுதுன்னு. அப்ப இத்தன பேரு எதுக்குன்னு கேப்பாருன்னு யாரு கண்டா.”

பெட்டிக்காரனின் போன் அடித்தது.

“சொல்லும்மா... வேலையிலதான் இருக்கேன். சத்தமா? ஜன்னல் தொறந்திருக்கு, ரோட்டுல பஸ் போவுது.”

பக்கத்தில் இருந்தவன் பெட்டியை மெதுவாக எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

“நீ பேசும்மா, அவசரமில்ல. சிஸ்டம் இன்னும் ஏறல.”