குளோரினில் அரை நியூட்ரான்

பிருந்தா: ஒரு அணுவச் சொல்லிக் குடுக்க ஒரு கரக் டீ, கூட ஒரு சமோசா. இதுக்குக் கீழ எனக்குக் கட்டாது.

பாலகுரு: பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படிச்சவங்க இப்படியா பேரம் பேசுறது? உலகமே அணுவால ஆனதுன்னு நீங்கதான சொன்னீங்க டீச்சர். மொத்தமா எடுத்தா என்ன ரேட்டு போடுவீங்க?

பிருந்தா: மொத்தமா எடுத்தா வைக்க உங்க குடோன்ல எடம் இருக்கா?

பாலகுரு: பாசிப்பருப்பக் கொஞ்சம் நகத்துனா இருக்கும்.

பிருந்தா: வாய்! கடல் தாண்டி வந்த இந்தக் குதைபியா ஊர்ல இத்தன மளிகைக்கடை இருக்கு, இந்த வாய் நான் பில் போடுற கடையிலதான் வந்து மூட்டை எடை போடணுமா? மத்தியான அடைப்பு முடிஞ்சு நாலு மணிக்கு மொதலாளி கார்மேகம் அண்ணாச்சி ஷட்டரத் தூக்கிருவாரு. உக்காருங்க. உங்க அக்கா மகளுக்கு நாளைக்குப் பரீட்சை.

பாலகுரு: அத மறப்பேனா... மாமா போன்ல சொல்லிக் குடுத்தாத்தான் படிப்பேன்னு அடம்புடிக்குது பிள்ள.

பிருந்தா: ம்... பேர் என்ன சொன்னீங்க?

பாலகுரு: பே... பேரா? மகிழினி.

பிருந்தா: போன வாரம் யாழினின்னீங்க.

பாலகுரு: அது வீட்ல கூப்பிடுற பேரு. நீங்க பாடத்த ஆரம்பிங்க, யல்லா, சீக்கிரம்.

பிருந்தா: சோடியம். தனிம அட்டவணைக் கட்டத்துல மேல பதினொண்ணு, கீழ இருபத்துமூணு. சொல்லுங்க.

பாலகுரு: புரோட்டான் பதினொண்ணு. எலக்ட்ரானும் பதினொண்ணு. ஆளுக்கொரு ஜோடி.

பிருந்தா: அட! நியூட்ரான்?

பாலகுரு: இருபத்துமூணும் பதினொண்ணும்... முப்பத்துநாலு!

பிருந்தா: அய்யோ கடவுளே, கூட்டக்கூடாது, கழிக்கணும்! கீழ இருக்கிறது மொத்த எடை. புரோட்டானும் நியூட்ரானும் சேந்தது. எலக்ட்ரான் பஞ்சு மாதிரி, அத எடையில சேக்கிறதே இல்ல. மூட்டை எடையில சாக்கு எடையக் கழிச்சா என்ன மிஞ்சும்?

பாலகுரு: பருப்பு.

பிருந்தா: அதேதான். கழிங்க.

பாலகுரு: பன்னெண்டு... இருக்குமோ?

பிருந்தா: பன்னெண்டேதான். நாள் முழுக்க சாக்கு எடையக் கழிக்கிற மனுஷன், என் முன்னாடி வந்து உக்காந்தா மட்டும் கூட்டுறீங்களே, ஏன்?

பாலகுரு: மூட்டை கண்ணுக்குத் தெரியுது. அணு தெரியலையே டீச்சர்.

பிருந்தா: இன்னிக்காவது மண்டையில ஏத்துங்க. ஞாயித்துக்கிழமைலேருந்து நான் நம்ம கடையோட முஹர்ரக் கிளைக்குப் போயிருவேன்.

பாலகுரு: ...தெரியும். நேத்தே சொன்னீங்க.

பிருந்தா: தெரியும். அவ்வளவுதானா?

பாலகுரு: அங்க... ஏசி நல்லாருக்கும்.

பிருந்தா: ஏசி!

பாலகுரு: இல்ல... கடலும் பக்கம்...

பிருந்தா: போதும், வாய மூடுங்க. கடைசிக் கணக்கு. குளோரின். மேல பதினேழு, கீழ முப்பத்தஞ்சரை.

பாலகுரு: கழிச்சா... பதினெட்டரை.

பிருந்தா: கழிச்சுட்டீங்க! பாத்தீங்களா, மனசு வச்சா... இருங்க. பதினெட்டரையா?

பாலகுரு: அரை நியூட்ரான் எங்கேருந்து வரும்? வெல்லக்கட்டி மாதிரி ஒடச்சா வைப்பாங்க?

பிருந்தா: அது... அது வந்து... குளோரின் வாயுங்கிறதால...

பாலகுரு: வாயுன்னா?

பிருந்தா: கொஞ்சம் பேசாம இருங்களேன்! அச்சுல தப்பா விழுந்திருக்கும்.

பாலகுரு: டீச்சர்... என்ன இப்படி வேர்க்குது உங்களுக்கு?

பிருந்தா: ஏசிய அணைச்சுட்டாங்கல்ல... சே, கடைசி நாள்ல போயி இப்படி முழிக்கிறேனே. இனிமே என்னையப் பத்தி என்ன நெனப்பீங்க?

பாலகுரு: அட, இதுக்குப் போயி... சரி, இங்க பாருங்க. பாதாம் நாலு மூட்டை வருது. மூணு மூட்டை முப்பத்தஞ்சு கிலோ, ஒண்ணு மட்டும் முப்பத்தேழு. சராசரி என்ன?

பிருந்தா: நூத்தி நாப்பத்திரெண்ட நாலால வகுத்தா... முப்பத்தஞ்சரை!

பாலகுரு: ஆனா அந்த நாலுல முப்பத்தஞ்சரை கிலோ மூட்டைன்னு ஒண்ணு உண்டா? கெடையாது. குளோரினும் அப்படித்தான், ரெண்டு தினுசு. முக்காவாசி முப்பத்தஞ்சு, கால்வாசி முப்பத்தேழு. புரோட்டான் ரெண்டுலயும் பதினேழுதான். நியூட்ரான் ஒண்ணுல பதினெட்டு, இன்னொண்ணுல இருபது. கட்டத்துல இருக்கிறது சராசரி. எதையும் யாரும் ஒடைக்கல, நீங்க கலங்காதீங்க.

பிருந்தா: ஒரு நிமிஷம் இருங்க.

பாலகுரு: என்ன அப்படிப் பாக்குறீங்க?

பிருந்தா: ரெண்டு தினுசு... முக்காவாசி... இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது?

பாலகுரு: அது... ரூம்ல சும்மா இருந்தப்ப... போன்ல...

பிருந்தா: அப்ப கழிக்கத் தெரியும்.

பாலகுரு: மொத நாள்லேருந்தே தெரியும். தெரியும்னு சொன்னா கிளாஸ் முடிஞ்சிருமே.

பிருந்தா: அக்கா மக?

பாலகுரு: அக்காவுக்கு ரெண்டும் பசங்க. பெரியவனுக்கு இப்பத்தான் பால்பல்லு விழுகுது. பிருந்தா... நீங்க முஹர்ரக் போனாலும் நான் பஸ் புடிச்சு வருவேன், பாடத்துக்கு இல்ல. உங்க அண்ணன்கிட்ட வந்து பேசலாமான்னு கேக்கத்தான் இத்தன நாளா சுத்திச் சுத்தி வந்தேன். கேட்டுட்டேன், கலாஸ், முடிஞ்சது. இனி நீங்க திட்டுறதுன்னா திட்டுங்க.

பிருந்தா: அப்பாடா, வாயத் தொறந்துட்டீங்க! வெள்ளிக்கிழமை வாங்க, அண்ணன் வீட்லதான் இருப்பாரு. இப்ப கணக்கப் பாப்போம். உங்க பக்கம் பொய் ரெண்டு: இல்லாத அக்கா மக ஒண்ணு, கழிக்கத் தெரியாதுன்னது ஒண்ணு. என் பக்கம்... நான் படிச்சது பி.காம்., தெனம் காலைல பஸ்ல வீடியோ பாத்துட்டு மத்தியானம் உங்ககிட்ட ஒப்பிச்சேன், அது ஒண்ணு. முஹர்ரக் கிளைக்கு என்னைய யாரும் மாத்தல, உங்களப் பேச வைக்க நானா கெளப்பி விட்டது, அது ஒண்ணு. ஆக ரெண்டுக்கு ரெண்டு. கணக்கு நேர்.