இரவல் சாவி

காலை கம்பெனி பஸ் செவிலிமேட்டைத் தாண்டியபோது, முன்சீட்டு ஜன்னலோரத்தில் இருந்த இளைஞன் சொன்னான்:

"செத்தது பரவாயில்லக்கா. சாகும்போது பையில எத வெச்சிருந்தேன்றதுதான் மனச அறுக்குது."

காதைத் தீட்டிக்கொண்டேன். எதிர்வரிசைப் பெண் சிரித்தாள். "போன்ல ஆடுற கேம்தானே மணி?"

"ஆமாக்கா. செத்தா கையில இருக்கறதெல்லாம் போய்டும். பத்திரப் பைன்னு ஒண்ணு இருக்குது, அதுல வெச்ச ஒரு பொருள் மட்டும் தங்கும். நம்ம தினேஷ் கேம்ல வெச்சிருந்த சாவிய அதுலதான் வெச்சிருந்தேன். ஆறு மாசமா பெட்டி பெட்டியா திறந்து அவனுக்குக் கெடைச்சது. ஒரே ஆட்டத்துக்குக் குடுறான்னு வாங்கினேன்."

"அப்புறம்?"

"ஒரு பெட்டியில தங்கச் சிலை வந்துச்சு. சாவிய வெளிய எடுத்துட்டு சிலைய உள்ள வெச்சேன். ஆட்டத்துலேர்ந்து வெளிய போற வாசலுக்கு வந்துக்கினு இருக்கேன், எவனோ என்னைச் சுட்டுட்டான்."

"அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதைபா. அவன்கிட்ட சொல்லிட்டியா?"

"சிலைய குடுத்துடலாம்னு பாக்கறேன்."

"அவன் சிலையா கேட்டான்?"

அடுத்த நிறுத்தத்தில் ஒருவன் ஏறி, மணியின் தோளைத் தட்டினான். "மச்சான், என் சாவி பத்திரமா இருக்குதா? சாயங்காலம் சேர்ந்தே போலாம்."

மணி எழுந்து, ஜன்னலோர இடத்தை அவனுக்கு விட்டுக்கொடுத்தான்.