ஏகாதசியன்று ஓடிய கிரஷர்

டீக்கு நன்றி, இன்ஸ்பெக்டர் சார். சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஆனால் கொடுத்ததைக் குறை சொல்லும் வழக்கம் எனக்கில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். முத்துகிருஷ்ணன் மூடி மறைத்துப் பேசினான் என்று உத்திரமேரூரில் ஒருவர் சொல்லட்டும், பார்க்கலாம்.

பணம் சேர்ப்பது தப்பில்லை, அது எந்த வழியில் வருகிறது என்பதுதான் முக்கியம். சிகரெட் கம்பெனிப் பங்கு ஒன்றுகூட நான் வாங்கியதில்லை. பஜாரில் இருக்கும் என் கட்டடத்தை ஒயின்ஷாப்புக்குக் கேட்டார்கள். இரண்டு மடங்கு வாடகை தருவதாகச் சொன்னார்கள், முடியாது என்றேன். மளிகைக்கடை காதர் பாய் கோழிப்பண்ணையில் கூட்டுச் சேரக் கூப்பிட்டார். உயிரைக் கொன்று வரும் காசு வேண்டாம் என்றேன். "அப்ப கல்லுல போடு நைனா, அதுக்குதான் உசுரு இல்ல" என்று சிரித்தார். அவர் கேலிதான் செய்தார். எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. மலையடிவாரத்துக் கல்குவாரியும் கல் உடைக்கும் கிரஷரும் அப்படி ஆரம்பித்தவை.

மற்றவர்கள் நடத்துவது போல நான் நடத்தவில்லை. குடிக்கிறவனுக்கு என்னிடம் வேலை கிடையாது. ஏகாதசியன்று வெடி வைக்க மாட்டோம், மெஷினும் ஓடாது. கூலி மட்டும் மற்ற குவாரிகளைவிடக் கொஞ்சம் குறைவு. ஒழுக்கமான இடத்தில் வேலை பார்க்கும் திருப்தியை எதில் சேர்ப்பது?

சென்னையில் ஒரு நிதி நிறுவனம் இருக்கிறது. நல்லவர்களின் பணத்தை நல்ல தொழிலில் மட்டும் போடுவார்கள். பாவமும் ஒட்டக் கூடாது, லாபமும் குறையக் கூடாது என்று நினைக்கும் பெரிய மனிதர்கள். எனக்கு ஏற்ற கூட்டம். என் குவாரியில் பங்கு எடுப்பதாக இருந்தார்கள். அந்தப் பணத்தில் கோசாலை கட்டுவது என் நெடுநாள் ஆசை. மாடு கஷ்டப்பட்டால் வாய்விட்டுக் கூப்பிடாது பாருங்கள், அதை நினைத்தாலே எனக்கு மனம் தாங்காது.

நேரில் பார்த்துப் போக நிஷா என்ற பெண்ணும் இன்னும் இருவரும் ஒரு ஏகாதசியன்று வந்தார்கள். அன்று காலையில்தான் பார்த்தேன், பள்ளத்தில் பாறைக்கு அடியில் காலி குவாட்டர் பாட்டில்கள் குவிந்து கிடந்தன. குடிக்காதவர்களின் குவாரியில்! வேதகிரியை இறங்கிப் பொறுக்கச் சொன்னேன். வேதகிரி என்னிடம் பாறைக்குத் துளை போடுகிறவன், சொன்னால் கேட்கிறவன்.

"மேல பாறை வெடிப்பு வுட்டுகீது மொதலாளி. மழை வேற பேஞ்சிகீது. நாளிக்கு எறங்கட்டா?" என்றான்.

"நாளிக்கு அவுங்க வர மாட்டாங்கடா, இன்னைக்கிதான் வராங்க" என்றேன். வெடிப்பு எனக்கும் தெரிந்ததுதான்.

அவர்கள் கார் வாசலில் திரும்பும்போது பாறை சரிந்தது. கிரஷர் ஓட்டுகிற தினகரன் ஓடி வந்தான். "மொதலாளி, வேதகிரி மாட்டிக்கினான். காலு கல்லுக்கு அடியில கீது. உசுரோட கீறான், கத்திக்கினு கீறான். ஜேசிபிய எடுக்கட்டா?"

ஜேசிபி பக்கத்திலேயே நின்றது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். கார் வந்து நிற்கிறது, இந்த நேரத்தில் ஆம்புலன்சும் கூட்டமுமாக இருந்தால் அந்தப் பெண் என்ன நினைப்பாள்? தொழிலாளியின் பாதுகாப்புதான் அவர்களுக்கு முதல் விஷயமாம். அப்படிப்பட்டவர்கள் மனதைச் சங்கடப்படுத்தலாமா?

"நீ போய் மெஷினப் போடு" என்றேன்.

"இன்னிக்கி ஏகாதசியாச்சே மொதலாளி?"

"பெருமாளுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். போடு."

தினகரன் நின்றான். அவன் மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் நான்தான் கட்டுகிறேன். அதை நான் வாயால் சொல்லவில்லை, அவனுக்கே நினைவு வந்திருக்கும். போய் மெஷினைப் போட்டான். அதற்குப் பிறகு வேறு எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

நிஷா நல்ல பெண். தலையில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு பொறுப்பாக எல்லாவற்றையும் விசாரித்தாள். பள்ளத்துப் பக்கம் மட்டும் சேறு என்று சொல்லித் திருப்பிவிட்டேன். "இங்க விபத்துல யாராவது இறந்திருக்காங்களா சார்?" என்று கேட்டாள். "இந்த நிமிஷம் வரைக்கும் ஒருத்தர்கூட இல்லம்மா" என்றேன். அது உண்மை. வேதகிரி அப்போது உயிரோடுதான் இருந்தான்.

வாழை இலை போட்டு வெங்காயம் பூண்டு இல்லாத சாப்பாடு. எனக்கு விரதம், அதனால் பரிமாறினேன். "சத்தம் அதிகமா இருக்கே, கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லலாமா?" என்றாள். உழைக்கிறவர்களைத் தடுக்க மனம் வரவில்லை என்றேன். அவள் கண் கலங்கியது, சார். பிறகு மூன்று ஆறு கூடும் இடத்தைப் பார்க்க ஆசைப்பட்டாள். திருமுக்கூடலுக்கு நானே கூட்டிப் போனேன். விருந்தாளியைப் பாதியில் விட்டுவிட்டு வருவது மரியாதையா? மெஷின் ஓட்டியதற்கு அங்கே இருக்கும் பெருமாள் கோயிலிலேயே மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் திரும்பி வந்து மெஷினை நிறுத்தச் சொன்னேன். பள்ளத்தில் சத்தம் இல்லை. ஜேசிபியை விட்டுக் கல்லைத் தூக்கினோம். கால்தான் நசுங்கியிருந்தது, மத்தியானமே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்றார் டாக்டர். விருந்தாளிகள் போன பிறகுதான் பாறை சரிந்தது என்று உங்களுக்கு எழுதிக் கொடுத்தவன் என் சூப்பர்வைசர். நான் பக்கத்தில்தான் நின்றேன், ஒரு எழுத்துகூட எழுதவில்லை. சென்னைப் பணமும் வந்து சேர்ந்தது. மனிதனை மதிக்கும் தொழில் என்று பாராட்டியிருந்தார்கள். இந்தத் தினகரன்தான் தூக்கம் வரவில்லை என்று உங்களிடம் வந்து நின்றான். ஃபீஸ் கட்டினவனுக்கு நல்ல கைம்மாறு.

சரி, குற்றம் என்று ஏதாவது எழுதித்தானே ஆக வேண்டும் உங்களுக்கு. ஒன்று இருக்கிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து வேதகிரியின் மனைவி சொக்கம்மாள் வந்தாள். நான் நீட்டிய பணக் கவரை அவள் வாங்கவில்லை.

"ஒன்னு மட்டும் சொல்லு மொதலாளி. அந்த மன்சன் யாரையாச்சும் கூப்டுச்சா?"

"இல்லம்மா. பாறை வுயுந்ததுமே உசுரு போய்ட்டுகீது. சத்தமே இல்ல" என்றேன்.

அவன் கூப்பிட்டான். மெஷின் போடும்வரை "மொதலாளி, மொதலாளி" என்று என்னைத்தான் கூப்பிட்டான், எனக்கு நன்றாகக் கேட்டது. ஆனாலும் ஒரு பெண்ணின் மனம் நோகக் கூடாதே என்று, என் வாழ்நாளில் அந்த ஒரு பொய் சொல்லிவிட்டேன். அதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.