பக்கத்துத் தறிக்காரர்

நகரியிலிருந்து திருப்பதி போகும் பஸ். என் முன் சீட்டில் நடுவயதுக்காரர்கள் இரண்டு பேர். ஒருவர் மடியில் ஸ்பேனர் பை.

"மதியானம் துன்றதையே வுட்டுட்டேன்டா," என்றார் பைக்காரர்.

"இன்னாடா, விரதமா?" என்றார் நண்பர்.

"வாஷிங் மிஷின் ரிப்பேருக்குப் போன்ல கூப்புடுவாங்கோ. ஒடனே எடுக்கலன்னா வேலை அடுத்த ஆளுக்குப் பூடும். சோத்துக் கையோட எப்பிடி எடுக்கறது?"

"உனக்குத்தான் மொதலாளியே கெடையாதே. எப்ப வேணா துன்னலாமே."

"எப்ப வேணான்னா எப்படா?"

நண்பர் சிரித்தார். "அப்போ பவர்லூம்ல மட்டும் நமக்குச் சோத்துக்கு மணியா அடிச்சாங்கோ? தறி பாட்டுக்கு ஓடிக்கினேதான் இருந்துச்சி."

"பக்கத்துத் தறியில நீ இருந்தியேடா. அந்தச் சத்தத்துல பேச முடியாது. கையை வாய்கிட்ட காட்டி என்னைத் துன்ன அனுப்புவ. என் தறியில நூல் அறுந்தா நீயே முடிச்சிப் போடுவ. நான் வந்தப்புறம் நீ போவ. இப்ப என் பக்கத்துல எவன் கீறான்?"

புத்தூரில் பஸ் நின்றது. டிரைவர் சாப்பிட இறங்கினார்.

நண்பர் பைக்காரரின் சட்டைப் பையிலிருந்த போனைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். ஐந்து விரலையும் குவித்து வாய்ப்பக்கம் காட்டினார். பைக்காரர் ஒரு நிமிஷம் அந்தக் கையையே பார்த்துவிட்டு, எதிர் ஓட்டலுக்குப் போனார்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. நண்பர் நிதானமாக எடுத்து, தெலுங்கில் சொன்னார்:

"மெக்கானிக் சாப்பிடப் போயிருக்காரு சார். வருவாரு, இருங்க."