முதல் அண்டைவீடு

எங்கள் ஊரில் காபிக்கு ஒரு பிஸ்கட்தான். டப்பாவைத் திறந்து நீட்டுவார்கள், ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும், உடனே மூடிவிடுவார்கள். இரண்டாவது கோப்பை காலியானதும் வந்தவர் தாமாகவே எழுந்துகொள்ள வேண்டும். நான் குறை சொல்லவில்லை, இந்த ட்ரெந்தே மாகாணத்து மண்ணில் எல்லோரும் இப்படித்தான் வளர்ந்தோம். ஆனால் இன்ஸ்பெக்டர் ஆல்பெர்ட்ஸ் வந்த அன்று நான் டப்பாவை மூடவே இல்லை.

அவர் வந்தது புதன்கிழமை காலை பத்து மணிக்கு. சமையலறையில் உட்காரவைத்தேன். அவருக்குத் தெரிய வேண்டியது ஒரே ஒரு விஷயம். பக்கத்து வீட்டு யான்தீன் நகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவளுடைய மோர்க்கஞ்சியில் நான் எதைக் கலந்தேன் என்று தெரிந்தால் டாக்டர்கள் அதற்கான மாற்று மருந்தைக் கொடுப்பார்கள். தெரியாமல் எதையாவது கொடுத்தால் அதுவே அவளை முடித்துவிடுமாம். என் கொட்டகையைக் குடைந்து பார்த்துவிட்டார்கள், ஒன்றும் அகப்படவில்லை. எதிர்ப்புறம் பள்ளி ஆசிரியர் வீட்டு டெலிபோனுக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் காத்திருந்தார்.

"ஒரே ஒரு பேரும்மா. அதை மட்டும் சொல்லிடுங்க. மத்ததை அப்புறம் பேசிக்கலாம்," என்றார் ஆல்பெர்ட்ஸ்.

சொல்கிறேன் என்றேன். சொல்லாமல் இருக்க நான் என்ன கல்நெஞ்சக்காரியா? ஆனால் எதையும் முதலிலிருந்து சொன்னால்தானே விளங்கும்.

எங்கள் பக்கம் ஒருவர் இறந்துபோனால் சொந்தக்காரர்கள் எதையும் தொட மாட்டார்கள். அவர்கள் வாசலுக்கு எந்த வாசல் மிக அருகில் இருக்கிறதோ அதுதான் முதல் அண்டைவீடு. எல்லாம் அந்த வீட்டுக்காரர் பொறுப்பு. உடலைக் கழுவி உடுத்த வேண்டும், கடிகாரத்தை நிறுத்த வேண்டும், வீடு வீடாகப் போய்ச் சாவு சொல்ல வேண்டும், வந்தவர்களுக்கெல்லாம் காபியும் ரொட்டியும் கொடுக்க வேண்டும். அடக்கம் முடியும்வரை வீட்டுச் சாவி முதற்கொண்டு அவர் கையில்தான். இது எழுதிவைத்த சட்டமில்லை. ஆனால் இதில் தவறியவனை எங்கள் ஊர் மனிதனாகவே மதிக்காது.

எனக்கு முதலில் வாய்த்த சாவு லாம்மெர்ட் கிழவருடையது. பதினோரு வருஷத்துக்கு முன்னால், நெஞ்சுவலியில் தானாகவே போனார். அதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள் என்று ஆல்பெர்ட்ஸிடம் சொன்னேன். நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள். பெற்றோர் போன பிறகு தம்பி கனடாவுக்குக் கப்பலேறிவிட்டான். வருஷத்துக்கு ஒரு கடிதம், அதிலும் பாதி பனியைப் பற்றி. அப்படிப்பட்டவள் அந்த நான்கு நாள் லாம்மெர்ட் வீட்டில் ராணி மாதிரி இருந்தேன். ரூல்ஃபீன் இதை எங்கே வைப்பது, ரூல்ஃபீன் அதை யார் எடுப்பது என்று ஊரே என் வாயைப் பார்த்தது. கிழவரின் மனைவி ஹேசியே என் தோளில் சாய்ந்து அழுதாள். அதற்கு முன் என்னை யாராவது தொட்டு எத்தனை வருஷம் ஆகியிருந்தது என்று எனக்கே நினைவில்லை.

ஐந்தாம் நாள் என் கோப்பைகளைத் துடைத்துக் கூடையில் வைத்துக் கொடுத்துவிட்டார்கள். நன்றி என்றார்கள், கதவு மூடியது.

இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு ஹேசியே போனாள். அப்புறம் பின்வீட்டு ஹார்ம், அவருக்குப் பின் அவருடைய தங்கை. மூவரும் வயதானவர்கள், வலியில்லாமல் போனார்கள் என்றுதான் நினைக்கிறேன். அவர்களைக் கழுவும்போது வெந்நீரின் சூட்டை முழங்கையால் பார்த்துப் பார்த்துத்தான் ஊற்றினேன். அதையெல்லாம் யாரும் கேட்பதில்லை.

ஆல்பெர்ட்ஸின் பேனா நின்றுவிட்டது. "மூணு பேரா?" என்றார் மெதுவாக. பிறகு தலையை உலுக்கிக்கொண்டு, "அது இருக்கட்டும். யான்தீன் இன்னும் உயிரோட இருக்காங்க. அந்தப் பேரு, அம்மா," என்றார்.

அதற்குத்தான் வருகிறேன் என்று மூன்றாவது கோப்பை ஊற்றினேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

யான்தீன் தன் மகள் ஃபெம்மியோடு லாம்மெர்ட் வீட்டுக்குக் குடிவந்தவள். வாயாடி, நல்லவள். செவ்வாய்க்கிழமை தோறும் பத்து மணியிலிருந்து பத்தே முக்கால்வரை என்னைக் காபிக்குக் கூப்பிடுவாள். பத்தே முக்காலுக்கு என் மேல்கோட்டை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவாள். ஹார்மின் தங்கையின் அடக்கத்தன்று நான் பம்பரமாய்ச் சுழல்வதைப் பார்த்துவிட்டு, "ரூல்ஃபீன், சாவு வீட்லதான்டி உனக்கு உயிரே வருது. நான் செத்தாலும் இதே மாதிரி ஜமாய்ச்சிடு," என்று என் இடுப்பில் இடித்தாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். நான் அதை ஒரு வேண்டுகோளாகவே எடுத்துக்கொண்டேன்.

போன மாதம் ஃபெம்மிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு ராட்டர்டாமில் வேலை, யான்தீனும் கூடவே போவதாக ஏற்பாடு. ஒரு செவ்வாய்க்கிழமை பிஸ்கட் டப்பாவை மூடிக்கொண்டே அதைச் சொன்னாள். நல்லது என்றேன். அங்கே போய்ச் செத்தால் அவளை முன்பின் தெரியாத எவளோ கழுவுவாள். அது எனக்குச் சரியாகப் படவில்லை.

தவறு என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். எங்கள் ரொட்டிக்கடை புதன்கிழமை மதியத்தோடு மூடிவிடும். சாவு ரொட்டிக்கு உலர்திராட்சையை முந்தைய நாளே ஊறவைக்க வேண்டும். கடைசி நேரத்தில் போய் நின்று யாரையும் சங்கடப்படுத்துகிற வழக்கம் எனக்கில்லை. செவ்வாய் காலையிலேயே போய், வெள்ளிக்கிழமைக்கு அறுபது ரொட்டி என்று சொல்லிவைத்தேன். யாருக்கு என்று கடைக்காரர் மனைவி கேட்டாள். யான்தீனுக்கு என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதிக்கொண்டாள்.

அன்று மத்தியானம் சைக்கிளில் போன ஃபெம்மியை அந்தப் புண்ணியவதி வழிமறித்துக் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்திருக்கிறாள். ஃபெம்மிக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா வயிற்றுவலியோடு படுத்திருக்கிறாள், ஆனால் காலையில்கூட ரூல்ஃபீன் அத்தை கொண்டுவந்த கஞ்சியைக் குடித்தாளே என்று சொன்னாளாம். சொல்லும்போதே அவள் முகம் வெளுத்துவிட்டதாம். இதெல்லாம் ஆல்பெர்ட்ஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உயிரோடு இருப்பவளுக்குச் சாவு ரொட்டி சொல்லிவைத்தவள் என்று ஊர் இனி என்னைப் பார்த்துத்தான் சிரிக்கும்.

இதற்குள் அந்தப் போலீஸ்காரர் இரண்டு முறை வந்து கதவைத் தட்டிவிட்டார். டாக்டர் கேட்கிறாராம். ஆல்பெர்ட்ஸ் மேஜைமேல் கைகளைக் கூப்பினார். இளைஞர், கண்ணில் நீர்கூட வந்துவிட்டது. "அந்தப் பொண்ணு அங்க தனியா நிக்குதும்மா," என்றார்.

தனியாக நிற்பது என்றால் என்ன என்று அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். பிறகு தம்பி கப்பலேறிய நாளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி ஒருவர் என்னைப் பார்த்ததே இல்லை.

பன்னிரண்டே காலுக்குப் போலீஸ்காரர் மூன்றாம் முறை வந்தார். இந்தத் தடவை தட்டவில்லை. உள்ளே வந்து தொப்பியைக் கழற்றினார்.

நான் உடனே அந்தப் பெயரைச் சொன்னேன். எழுத்துக்கூட்டியும் சொன்னேன். ஆல்பெர்ட்ஸ் எழுதிக்கொள்ளவில்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"ரெண்டே கால் மணி நேரம்," என்றார். "ஏம்மா சொல்லலை?"

"சொல்லியிருந்தா நீங்க கிளம்பிடுவீங்களே," என்றேன்.

நான் எழுந்துபோய்ச் சலவை செய்த வெள்ளை ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டேன். ஃபெம்மி சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும்? யான்தீனைக் கழுவ வேண்டும், அந்த வீட்டுக் கடிகாரத்தை நிறுத்த வேண்டும். அவர் என் முழங்கையைப் பிடித்து வாசலில் நின்ற வண்டியின் பக்கம் திருப்பினார். எனக்கு அவர்மேல் கோபமில்லை. நகரத்தில் வளர்ந்த பிள்ளை, அண்டைவீட்டுக்காரிக்கு ஒரு கடமை இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.