காய்ந்த பிறகு ஒட்டு

காலையில் மாதனூரில் கம்பெனி பஸ் ஏறிய இரண்டு பெண்கள் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். மூத்தவள் சிவகாசிக்காரி, பட்டாசு வேலையை விட்டு வந்தவள், ஷூ கம்பெனிக்குப் புதுசு. சின்னவள் அங்கேயே பழகிய கை.

"வெடியில மருந்து கொஞ்சம்தான். பேப்பர இறுக்கிச் சுத்தலன்னா வெடிக்காது, புஸ்ஸுன்னு போயிரும்."

எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது.

"அதுக்கும் நேத்து நீ ஒட்டுன ஷூ சோலெல்லாம் பிரிஞ்சதுக்கும் இன்னா சம்பந்தம்க்கா?"

"அங்க மைதாப் பசை. ஈரத்தோடயே சுத்தணும். அந்தப் பழக்கத்துல இங்கயும் ஈரத்தோட ஒட்டிட்டேன்."

"அய்யோ! இங்க தோல்லயும் சோல்லயும் பசையத் தடவிட்டு காய வுடணும்க்கா. தொட்டா வெரல்ல ஒட்டக்கூடாது. அப்புறம் சூடு காட்டி அமுக்கணும்."

"இன்னைக்கும் பிரிஞ்சா நாளைக்கு வர வேணாம்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு."

"பிரியாது. மொத ஜோடிக்கு நான் பக்கத்துல நிக்கிறேன்."

ஆம்பூர் வந்ததும் எல்லாரும் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். சிவகாசிக்காரி மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி சிரித்தாள்.

"பதினஞ்சு வருசமா நான் ஒட்டுனதெல்லாம் வெடிச்சுச் சிதறத்தான் புள்ள. ஒருத்தர் கால்ல பிரியாம ஒழைக்கணும்னு இன்னைக்குத்தான் ஒட்டப்போறேன்."